யோகம் அக்கா எனக்கு வாசித்த ஜனாதிபதிமார்

யோகம் அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் சுபா தொலைபேசியில் சொன்னபோது நான் லோரன்ஸ் வீதியில் பஸ்ஸில் இருந்தேன். காலை பத்தரை மணி. நான் நம்பவில்லை.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"அன்ரி, நான்தான் சொல்லுறன். பக்கத்திலதான் நிக்கிறன்."

"டொக்டர் வடிவாப் பாத்தவரோ? வேற ஒராளையும் கூப்பிட்டுக் காட்டினியளோ?"

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே "ஓம் அன்ரி, ஓம்" என்றாள். தாயைப் பறிகொடுத்தவளிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? ஆனால் செவ்வாய்க்கிழமைதான் பிளாசா மீன்கடையில் அவரைக் கண்டிருந்தேன். பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "உது முந்தநாள் மீன், எனக்குக் கதை விடாதையும்" என்று கடைக்காரரோடு வாதாடிக்கொண்டு நின்றார். அப்படி நின்ற ஒருவர் வெள்ளிக்கிழமை இல்லை என்றால் எப்படி நம்புவது? நான் இறங்கவேண்டிய இடம் வெக்ஸ்போர்ட். பஸ் அதைத் தாண்டி எவ்வளவு தூரம் போனது என்று எனக்குத் தெரியாது.

அவருடைய உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ஒருவர் பின் ஒருவராக ஒலிவாங்கியைப் பிடித்து, யோகம் அக்கா சாந்தமானவர், ஒருவரோடும் கோபிக்காதவர் என்றீர்கள். நான் பின்வரிசையில் இருந்து, இவர்கள் வேறு ஆருடைய செத்தவீட்டுக்கோ வந்துவிட்டார்களோ என்று யோசித்தேன். கோவில் நிர்வாகத்தோடு மூன்று முறை கோபித்தவர் அவர். என்னோடும் ஏழு மாதம் பேச்சில்லை. முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் இந்த நினைவுப் புத்தகத்தில், இந்தக் கல்வெட்டில், நானும் ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று சுபா கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். எனக்கு வந்தபடிதான் எழுதுவேன், ஆனால் நடந்ததைத்தான் எழுதுவேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் நாங்கள் இருவரும் பதினாறு வருடம் வேலை செய்தோம். ஸ்காபரோவிலிருந்து அவருடைய காரில்தான் போய்வருவேன். அவர் ஊரில் உயர்தரத்தில் சரித்திரம் படித்தவர். வெட்டுப்புள்ளி கிடைக்காமல் பல்கலைக்கழகம் போகமுடியாமல் போனது. புரியாணித் தட்டுக்கு மூடி போட்டுக்கொண்டே அமெரிக்காவின் ஜனாதிபதிமாரை ஆள் வரிசையாகச் சொல்லுவார். நீண்ட வார இறுதி வந்தால் மற்றவர்கள் நயாகராவுக்குப் போவார்கள். இவர் எல்லை தாண்டி அமெரிக்காவில் ஏதாவது ஒரு ஜனாதிபதியின் பெயரில் கட்டிவைத்திருக்கும் நூலகத்துக்குப் போவார். ஒருநாள் என்னையும் கூப்பிட்டார்.

எனக்கு உடனே சந்தேகம். புருசன் இல்லாத மனுசி, செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனின் மேசையைப் பார்க்க ஏழு மணித்தியாலம் கார் ஓடுகிறது என்றால் ஆர் நம்புவது? அங்கே ஆரோ இருக்கிறார்கள், அல்லது ஆரையோ ஏற்றி இறக்குகிறா என்றுதான் நினைத்தேன். எல்லையில் நின்ற அதிகாரிக்கும் அதே சந்தேகம்தான். காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். புட்டுப் பெட்டியும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்த ஜனாதிபதி பிறந்த ஊர், பதவி ஏற்ற வருடம், தேர்தலில் தோற்றவர் பெயர் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். அந்த மனிதர் போதும் போதும் என்று கையைக் காட்டி விட்டுவிட்டார்.

"பாத்தீரே பூமணி, அவருக்கே உது தெரியாது" என்று அடுத்த ஊர் வரும்வரை சிரித்தார்.

உள்ளே போனால் மியூசியம் மாதிரி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன, ஒரு வாசிக்கும் புத்தகத்தையும் காணவில்லை. "லைபிரரி எண்டியள், புத்தகம் எங்கயக்கா?" என்று கேட்டேன்.

"பேப்பர் எல்லாம் பின்னால பெட்டியில இருக்கும். எங்களுக்குக் காட்டுறது முன்பக்கம் மட்டும்தான். உது ஜனாதிபதியின்ர கல்வெட்டு, பூமணி. அவற்ற ஆக்கள் அடிச்சது. நல்லது செய்தது வாசல்ல பெரிசா இருக்கும். பிழை விட்டது கக்கூசுக்குப் போற வழியில இருக்கும்."

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அதனால் அவர் எந்த மியூசியத்திலும் முதலில் கழிவறை எங்கே என்றுதான் கேட்பார். "மேசையைப் பாக்காதையும், மேசையில என்ன இல்லையெண்டு பாரும்" என்று என் முழங்கையைப் பிடித்து இழுப்பார். காவலாளிகளிடம் போய், இந்த ஜனாதிபதி விட்ட பிழை எந்த அறையில் இருக்கிறது என்று கேட்பார். சிலர் காட்டினார்கள். சிலர் இவரைக் காட்டி மற்றவரிடம் ஏதோ சொன்னார்கள்.

எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அவர்தான் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் நின்று வாசித்துத் தமிழில் சொல்லுவார். இப்படி ஆறேழு இடம் பார்த்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். சில இடங்களில் ஆங்கிலம் ஒரு முழம் நீளத்துக்கு எழுதியிருக்கும். யோகம் அக்காவின் தமிழ் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

"இவ்வளவுதானோ எழுதியிருக்கு?"

"அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அலட்டல். வாரும்."

சந்தேகப்படப் பழக்கியவரே அவர்தானே. தமிழ் குறைந்த இடங்களையெல்லாம் அவருக்குத் தெரியாமல் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தேன். கண்டுபிடித்தபோது, "நீர் ஏன் தூணையும் துரும்பையும் படம் எடுக்கிறீர்?" என்று கேட்டார். வடிவாக இருக்கிறது என்று சொன்னேன்.

படங்களைச் சுபாவிடம் காட்டி வாசிக்கச் சொன்னேன். தாய்க்குச் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கினேன். அவள் இஞ்சே வளர்ந்த பிள்ளை, தமிழும் ஆங்கிலமும் கலந்து மெல்ல மெல்லச் சொன்னாள். ஒரு படத்தில் நிறுத்திவிட்டாள்.

"அன்ரி, திஸ் இஸ் எ லெட்டர். ஒரு அம்மா பிரெசிடென்ற்றுக்கு எழுதினது."

போருக்குப் போன மகனைப் பற்றி அந்தத் தாய் எழுதியிருந்தார். ஆளைக் காணவில்லை என்று மட்டும் அறிவித்தல் வந்திருக்கிறது. அவனுடைய அறையைத் திறந்து வைப்பதா பூட்டுவதா என்றாவது சொல்லுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை என்று இருந்ததாம். படம் அதோடு வெட்டுப்பட்டிருந்தது.

உங்களில் பலருக்கு என் மகன் சுதனைத் தெரியும். ஊரில் கடைசிச் சண்டை முடிந்த கிழமையில் அவன் மற்றவர்களோடு நடந்து போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. நானும் எழுதவேண்டிய பெரிய இடங்களுக்கெல்லாம் எழுதினேன். என்னைப்போல ஒரு தாய் எழுதிய கடிதத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி, "உது சும்மா ஒரு கடிதம், வாரும்" என்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அன்றே தொலைபேசி எடுத்தேன். "நீங்களும் அந்த மியூசியக்காரரைப் போலதான். உங்களுக்கு விருப்பமானதைக் காட்டுறியள், மிச்சத்தை மறைக்கிறியள். இனி உங்கட காரில ஏறமாட்டன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. ஏழு மாதம் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று தட்டுக்கு மூடி போட்டோம்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஆங்கிலம்-தமிழ் அகராதி. "வெளிக்கிடும்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஏழு மணித்தியாலம் ஓடி, அந்தக் கடிதம் இருந்த இடத்துக்கே கொண்டுபோனார்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கடிதத்தை முதல் சொல்லிலிருந்து வாசித்தார். முகவரி, தேதி, அடித்து எழுதிய சொற்கள், ஒன்றையும் விடவில்லை. தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டினார். முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். ஒரு காவலாளி நாற்காலி கொண்டுவந்து வைத்தார். நாங்கள் அதில் இருக்கவில்லை.

கடிதத்துக்குக் கீழே ஒரு சின்ன அட்டை இருந்தது. இரண்டே வரி.

"உதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

யோகம் அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்தத் தாய்க்குப் பதில் போனதாம். ஜனாதிபதி தானே ஆளை விட்டு விசாரிச்சவராம். கன நாள் எடுத்ததாம். கடைசியில மகன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சவையாம். தாய் போய்ப் பாத்தவவாம்."

அன்றுதான் முதல் முறையாக ஆங்கிலம் கட்டையாகவும் தமிழ் நீளமாகவும் இருந்தது.

அதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் தொலைபேசியைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை. உயிரோடு பார்த்தவவோ, புதைத்த இடத்தைப் பார்த்தவவோ என்றும் கேட்கவில்லை. "சரியக்கா, வாங்கோ" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாகனத் தரிப்பிடத்தில் நின்று ஆறிப்போன புட்டைச் சாப்பிட்டோம். திங்கட்கிழமை மறுபடியும் அவருடைய காரில் வேலைக்குப் போனேன்.

இதுவரை எழுதியதைச் சுபாவிடம் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்த்துக் கணினியில் அடித்துத் தருவது அவள்தான். முதலில், சண்டை பிடித்ததை எடுத்துவிடலாமோ என்று கேட்டாள்.

"அம்மாவைப் பற்றி ஆக்கள் பிழையா நினைப்பினம், அன்ரி."

"கல்வெட்டில ஆக்களைத் தெய்வமாக்கினா உன்ர அம்மா விடுவாவே? உதைக் கக்கூசுப் பக்கம் போடாதை, நடுப்பக்கத்தில போடு" என்றேன். அழுதுகொண்டு சிரித்தாள்.

பிறகு கடைசிப் பகுதியை இன்னொரு முறை வாசித்துவிட்டுக் கேட்டாள். "அந்தச் சின்ன அட்டையில என்ன இருக்கெண்டு மியூசியத்துக்கு ஒரு ஈமெயில் போட்டாச் சொல்லுவினம். போடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை."

"உண்மை தெரிய வேண்டாமோ உங்களுக்கு?"

தாய் கேட்கிற மாதிரியே கேட்டாள். யோகம் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது சந்தேகம். ஆர் எதைக் கண்ணாடிக்குள் வைத்தாலும், வைக்காமல் விட்டது எங்கே என்று கேட்பேன். இந்தக் கல்வெட்டில் நீங்கள் எழுதியிருப்பதையும் அப்படித்தான் வாசிப்பேன். அந்த இரண்டு வரியிடம் மட்டும் அதைக் கேட்கமாட்டேன்.

அந்தத் தாய் போய்ப் பார்த்தார். யோகம் அக்கா எனக்கு அப்படித்தான் வாசித்தார்.