மஞ்சள் லென்ஸும் ஒரு மண்டல இருட்டும்

கருநீலப் புடவைக்கு நான் கொடுத்த ரவிக்கைத் துணியை ஒரு பெண் திருப்பிக் கொண்டுவந்தாள். வெயிலில் பிடித்துக் காட்டினாள். கறுப்பாம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. புடவைக்கு ஏற்ற நிறம் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சிதம்பரத்தில் மேட்சிங் சென்டர் வைத்திருப்பவளுக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா?

கடலூரில் கண்ணைப் பார்த்துவிட்டு இரண்டிலும் புரை (கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது) என்றார்கள். முதலில் வலது கண்ணுக்கு அறுவை. உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸில் இரண்டு வகை: ஒன்று நிறமற்றது, மற்றது நீல ஒளியைக் கொஞ்சம் தடுக்கும் இளமஞ்சள். போன் வெளிச்சத்தில் உள்ள நீலம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று எங்கோ கேட்டிருந்த என் வீட்டுக்காரர், "மஞ்சளே வைங்க டாக்டர், இவளுக்கு ஏற்கெனவே கோழித்தூக்கம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அறுவை சுலபமாக முடிந்தது. வீட்டுக்கு வந்தால், சேத்தியாத்தோப்பிலிருந்து நாத்தனார் வந்து ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டி முடித்திருந்தார்.

"ஒரு மண்டலம் வெளிச்சமே ஆவாது தனம். கறுப்புக் கண்ணாடியக் கழட்டுன, அப்புறம் என்னைக் கேக்காத."

அவருடைய அம்மாவுக்கு நடந்தது, கண்ணில் தையல் போட்டுச் செய்த காலத்து அறுவை. அந்தப் பத்தியம்தான் அவருக்குத் தெரியும். அன்பாகச் செய்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

அந்த அறைக்குள் பகலும் வரவில்லை, ராத்திரியும் வரவில்லை. கோயில் மணி காலைப் பூசைக்கா அர்த்தசாமத்துக்கா என்று தெரியாமல் படுத்திருப்பேன். கண்ணயர்ந்தால் கடை வரும். துணிக்கட்டுகள் தாமாகப் பிரிந்து தண்ணீராகத் தரையில் ஓடும், எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில். விழித்தால் அழுகை வரும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இனி எனக்குத் தூக்கமே வராது, கடைக்கும் திரும்ப மாட்டேன் என்று பயந்தேன்.

மஞ்சள் வைக்கச் சொன்னவரே ஒருநாள் போனைப் பார்த்துவிட்டு, "நீல வெளிச்சத்தத் தடுத்தா மனசு சோந்துபோவுமாம்" என்றார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று கடலூருக்குக் கிளம்பிவிட்டேன்.

கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸில் போனால் வழியெல்லாம் அந்திப்பொழுதுதான். ரசாயன ஆலைகள் இருக்கும் குடிகாடு வந்ததை வாடையில்தான் அறிந்தேன்.

"இந்த லென்ஸ எடுத்துடுங்க டாக்டர். தூக்கமும் போச்சு, மனசும் போச்சு."

டாக்டரம்மா பார்த்தார். கண் நன்றாக ஆறியிருந்தது. பகலில் என்ன செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"கண்ணாடி வெளிய போறப்போ, அதுவும் கொஞ்ச நாளைக்குன்னுதானே சொன்னேன்?"

விழித்திரையில் (கண்ணின் பின்புறம் ஒளியை வாங்கும் படலம்) பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றனவாம். நீல ஒளிக்குத்தான் அவை அதிகம் விழித்துக்கொள்ளும்.

"அதனால லென்ஸ் நிறத்துக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம். ஒரு ஆராய்ச்சி இருக்குங்குது, இன்னொண்ணு இல்லங்குது. இருட்டுல உக்காந்திருந்தா எந்த லென்ஸ் வெச்சும் என்னம்மா பிரயோஜனம்? எடுக்கறது சின்ன வேலை இல்ல. மொதல்ல காலை வெளிச்சத்துல உக்காருங்க, சூரியன நேரா பாக்காம. அப்பவும் மனசு சரியில்லன்னா வாங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு."

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பத்தியத்தைச் சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள், அறுத்தவரிடம் கேளுங்கள்.

விஷயத்தைக் கேட்ட நாத்தனாரின் முகம் வாடிவிட்டது. "நல்லதுக்குத்தான செஞ்சேன்" என்றார். "தெரியும்க்கா" என்று சொல்லி, மறுநாள் காலை அவரையும் கூட்டிக்கொண்டே மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் காயும் வேட்டியைத் தொட்ட வெயில் மெல்ல என் மடிக்கு நகர்ந்து வந்தது.

உடனே ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு மதியம் பசித்தது. ஒரு சாயங்காலம் கொட்டாவி வந்தது. பகல் உடம்புக்குள் இறங்கிப்போவது தெரிய ஆரம்பித்தது. காலையில் நெற்றியில் இருக்கும், மதியம் வயிற்றுக்கு வரும், விளக்கு வைக்கும் நேரத்தில் கால்களில் கனக்கும். கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சரியானது வெயிலாலா, நாள் போனதாலா? எனக்குத் தெரியாது. கடைக்குப் போகத் தொடங்கினேன்.

இடது கண்ணுக்கு நாள் குறித்தார்கள். அன்று படுத்ததும் வீட்டுக்காரர் ஏதோ கேட்க ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அடுத்து விடிந்திருந்தது.

"இந்தக் கண்ணுக்கு எந்த லென்ஸுன்னு கேட்டேன், பதிலக் காணோம்" என்றார்.

"அதே மஞ்சள்தான். மேட்சிங் கடைக்காரி ரெண்டு கண்ணுல ரெண்டு கலரு வெச்சிருந்தா எவ வருவா? எழுப்பிக் கேட்டிருக்கலாமில்ல?"

"எழுப்பறதா? நீ தூங்கறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்குத்தான் தூக்கம் வரல."