மம்பாவ் மேட்டுச் சுவரும் பதினொரு துளைகளும்

அந்தச் சுவரைப் பற்றி எழுதுவதற்கு முன் என் நிலையைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் நில அளவை படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்கத்தில் அதே வேலையைப் பார்த்து, கோப்பில் ஒரு புகார்க் கடிதம்கூட ஏறாமல் ஓய்வு பெற்றவன் நான். மம்பாவில் நாங்கள் வாழும் தாமான், பழைய ரப்பர்த் தோட்டத்துக் குன்றைப் படிப்படியாக வெட்டி எழுப்பிய குடியிருப்பு. மேல் வரிசை வீடுகளின் தரை, கீழ் வரிசை வீடுகளின் சன்னல் உயரத்தில் இருக்கும். அத்தகைய இடத்தில் வேலி யாருடையது, எல்லைக்கல் நகர்ந்ததா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற வழக்குகளுக்குக் குறைவிராது. அவை யாவும் முதலில் என் வாசலுக்கே வந்தன. நான் அளந்து சொன்னதை மறுத்து எவரும் மேலே போனதில்லை. இழப்பதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என்னுடையது மேல் வரிசையின் மூலை வீடு. பின்முற்றம் ஆறடி ஆழத்துக்குச் சரிந்து, கீழ் வரிசையின் கடைசி வீட்டில் போய் முடியும். ஒவ்வொரு பெருமழைக்கும் செம்மண் கரைந்து கீழே இறங்கியது. என் வேலிக் கால்கள் இரண்டு அதோடு போயின. கீழ் வீட்டு அம்மையார் பின்பக்கத்தை நீட்டிக் கட்டிய அடுப்படியில் காலையில் வடை சுட்டு விற்பவர். என் வயதினர். கோலா சாவாவுக்கு அருகே நாங்கள் இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தோம். அவருடைய தாய் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். என் தந்தை அதே தோட்டத்தின் கிராணி, அதாவது அலுவலகக் கணக்கர். இந்த வேறுபாட்டைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஐம்பது ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன்.

சரிவைத் தாங்க ஒரு கான்கிரீட் சுவர் எழுப்புவதென்று முடிவு செய்து, ரந்தாவிலிருந்து ஒரு கட்டடக் குத்தகையாளரை அழைத்தேன். சொற்ப வார்த்தை பேசும் மனிதர். சுவரின் அடித்தளத்தை மேட்டுக்குள் நான்கடி நீட்டினார். அதன் மேல் ஏறும் மண்ணின் எடையே சுவரைப் பிடித்து நிறுத்தும். கம்பிகளை வரைபடத்தில் உள்ளபடி கட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஐந்தடிக்கு ஒன்றாகப் பதினொரு குழாய்த் துண்டுகளைச் சுவரின் குறுக்கே பதித்து, அவற்றின் பின்வாயில் சல்லிக் கற்களைக் குவித்தார்.

"சார், சொவரு மண்ணுக்குப் பயப்படாது. ஈர மண்ணுக்குத்தான் பயப்படும். இந்தப் பதினொண்ணும் சும்மா இல்ல லா, இதுதான் சொவத்துக்கு மூச்சு" என்றார்.

எனக்கே பாடம் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டு தலையசைத்தேன்.

சுவர் எழுந்த பின் வந்த முதல் பெருமழைக்கு மறுநாள் காலை, கீழிருந்து குரல் கேட்டது.

"சார்! ஒங்க சொவருக்குச் சளி புடிச்சிருச்சு, மூக்கு ஒழுகுது! வந்து பாருங்க!"

இறங்கிப் போனேன். சுவருக்கும் அடுப்படிக்கும் இடையே மூன்றடி அகலத்தில் அவர் பாத்திரம் கழுவும் இடம். துளைகளிலிருந்து சொட்டிய செந்நீர் அங்கே தேங்கி, கவிழ்த்து வைத்த சட்டிகளின் விளிம்பில் கறையாகப் படிந்திருந்தது. வடைக்காக நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர், வேலி வழக்குக்காக முந்தைய மாதம் என்னிடம் வந்தவர்.

"என்னா சார், குளிச்ச தண்ணியா இது?"

"மழத் தண்ணிம்மா. மண்ணுல ஊறி வருது. வெளிய வந்துதான் ஆகணும்."

"ஆகணும்னா ஒங்க பக்கமே வரட்டுமே. தோட்டத்துலயும் கெராணி வீட்டுத் தண்ணி எங்க லயத்து வாசல்லதான் ஓடுச்சு. சோப்பு நொர வந்துச்சுன்னா மணி நாலு, கெராணி குளிக்கிறாருன்னு எங்கம்மா சொல்லும். எங்களுக்கு அதான் கடியாரம். அம்பது வருசம் கழிச்சு இங்க வந்தா, இங்கயும் வீட்டத் தேடிக்கிட்டு வருது லா!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. எங்கள் வீடு மேட்டில் இருந்தது. குளியலறைத் தண்ணீர் ஒரு திறந்த வாய்க்கால் வழியே இறங்கி, தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்தின் வாசற்படிகளை ஒட்டி ஓடும். பெண்கள் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டுவார்கள். என் தந்தை அதைத் தினமும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அன்று பிற்பகலே குத்தகையாளரைத் தொலைபேசியில் அழைத்து, துளைகளை அடைத்துவிடச் சொன்னேன்.

"அடைக்கவா? சார், நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"நான் செய்ய மாட்டேன் சார். எம் பேரு அந்தச் சொவத்துல இருக்கு."

என் பெயர் அதைவிடப் பெரிது என்று அப்போது எனக்குத் தோன்றியது. செம்மண் இறுக்கமானது, சல்லி வழியே தண்ணீர் பக்கவாட்டில் போய்விடும், ஆறடிச் சுவருக்கு இது பெரிய சுமையல்ல என்று எனக்கு நானே விளக்கினேன். படித்தவனுக்குத் தன் தவற்றுக்குக் காரணம் தேடுவது மற்றவர்களைவிட எளிது. அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாளிச் சிமெண்டுக் கலவையோடு கீழே இறங்கி, குந்தி உட்கார்ந்து, பதினொரு துளைகளையும் என் கையாலேயே அடைத்தேன்.

"சாரு கையில சிமெண்டா! இருங்க, போன எடுத்துட்டு வந்து படம் புடிக்கிறேன்" என்றார் அம்மையார். முடிந்ததும் தேநீரும் இரண்டு வடையும் கொடுத்தார். அவர் வாசலில் உட்கார்ந்தே தின்றேன். என் தந்தை ஒருநாளும் செய்திராத காரியத்தைச் செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன்.

சில மாதங்கள் சுவர் உலர்ந்து நின்றது. ஆண்டிறுதி மழை தொடங்கி, நாள்தோறும் பிற்பகலில் கொட்டிய ஒரு வாரத்தில், மண்ணுக்கும் சுவரின் உச்சிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் பிளவைக் கண்டேன். நூலில் இரும்புக் குண்டைக் கட்டி, உச்சியிலிருந்து சுவரின் வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டேன். குண்டு அடிச்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். முக்கால் அங்குலம் விலகி நின்றது. சுவர் கீழ் வீட்டை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.

கீழே எண்ணெய் காயும் வாசனை வந்தது. அம்மையார் தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்னா சார், மீன் புடிக்கிறீங்களா?"

"சும்மா பாக்குறேன்."

இரண்டாம் நாள் ஓர் அங்குலம். மூன்றாம் நாள் ஒன்றரை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "தெனமும் அத என்னா அளக்குறீங்க? அது எங்கயும் போயிறாது, உள்ள வாங்க" என்றார் என் மனைவி. நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். சுவர் சாய்கிறது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைத் தவிர்ப்பதற்காக மூன்று காலைகள், ஆறடி ஈர மண்ணுக்குக் கீழே ஒருவர் வடை சுடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள் காலை குண்டு இரண்டு அங்குலம் விலகியது. சுவரின் கீழ்ப்பகுதியில், குறுக்கே, தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அம்மா, அடுப்ப அணைச்சிட்டு ரோட்டுக்கு வந்துருங்க."

"எண்ணெ காயுது சார். ஆளுங்க வேற நிக்குறாங்க."

"சொவரு சாயுது."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"நாலு நாளா."

எரிவாயுவை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"மீன் புடிச்சது இதுக்குத்தானா?"

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

முதல் துளையின் அடைப்பை உடைத்ததும், செந்நீர் பீறிட்டு எதிரே அடுப்படிச் சுவரில் போய் மோதியது. பதினொன்றையும் திறந்து முடித்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தேன். தண்ணீர் நண்பகல் வரை நிற்காமல் ஓடியது.

செய்தி அறிந்து குத்தகையாளர் அன்றே வந்தார். நூலைப் பார்த்தார், விரிசலைத் தடவிப் பார்த்தார்.

"நிக்கும் சார். ஆனா கீழ ஆளு இருக்கு. நான் நம்ப மாட்டேன்."

"எனக்கும் நம்பிக்கை இல்ல" என்றேன். இடித்துக் கட்டச் சொன்னேன்.

அவர் உடனே போகவில்லை. "தண்ணி அங்க போகக் கூடாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, பின்னால தொள போட்ட பைப் ஒண்ண வெச்சு, பக்கத்து ரோட்டு லோங்காங்கு வாய்க்கால்ல இறக்கி விட்டிருப்பேன். ஒரு நாள் வேல. நீங்க அடைன்னுதான் சொன்னீங்க. ஏன்னு சொல்லல."

ஏன் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமானால், லயத்து வாசலில் ஓடிய வாய்க்காலைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் சுவருக்குப் பின்னிருந்த மண்ணைத் தோண்டி எடுத்து, பிறகு மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக உடைத்தார்கள். அந்த வாரங்கள் முழுவதும் அம்மையாரின் அடுப்பு என் வீட்டு முன்புறம், கார் நிற்கும் இடத்தில் எரிந்தது. அவர் பாத்திரம் கழுவிய தண்ணீர் என் வாசலைக் கடந்து ரோட்டு வடிகாலுக்குப் போனது. நான் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன். புதிய சுவரில் துளைகளும் இருக்கின்றன, பின்னால் குழாயும் இருக்கிறது. பெருமழையில் துளைகள் இன்னும் கொஞ்சம் சொட்டும். அவர் எதுவும் சொல்வதில்லை.

பிறர் சொன்னது வேறு. அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில், தலைவராயிருந்தவர் எனக்கு ஆறுதலாக எழுந்து பேசினார்.

"கம்பியக் கொறச்சுட்டான், அதான் வெசயம். நம்ம சாரையே ஏமாத்திட்டான்னா, மத்தவங்க கதி என்னா லா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னால் இருந்த காப்பியை எடுத்துக் குடித்தேன். அந்த ஒரு மிடறு குத்தகையாளரை எங்கள் தாமானில் இரண்டு வேலைகளையும் நீலாயில் ஒரு வேலையையும் இழக்கச் செய்தது. அவர் என் வாசலுக்கு வந்து கேட்கவில்லை. அம்மையார்தான், ஒரு நாள் வடையைத் தாளில் மடித்துக்கொண்டே கேட்டார்: "கூட்டத்துல நீங்க ஒண்ணும் சொல்லலியாமே, சார்?"

காசைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சுவர் அடுப்படி மேல் விழுந்ததாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அது விழவில்லை, நான் இடிக்கச் சொன்னேன். குத்தகையாளர் கம்பியைக் குறைத்ததாகப் பலர் சொல்கிறார்கள். இடித்தபோது கம்பிகளை நானே எண்ணினேன், வரைபடத்தில் இருந்த எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. துளைகளை அடைத்தவன் நான்.