கருப்பனுக்கு விட்ட சேவலும் என் காய்ச்சலும்

விடிந்ததும் பதினோரு தும்மல். எனக்கு மூன்றோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். பன்னிரண்டாவதற்குக் காத்திருந்தபோதுதான் உடம்பு கொதிப்பது தெரிந்தது.

முந்தாநாள் குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தோம். காய் பறிக்கத் தொடங்குமுன் கருப்பசாமிக்குச் சேவல் அறுப்போம். தலையில் தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பைச் சிலிர்க்க வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு. நான் பிடித்திருந்தேன். ஆறு முறை தெளித்தும் அசையவில்லை.

"இம்புட்டு இறுக்கிப் புடிச்சா அது எப்படிங்க சிலிர்க்கும்?" என்றாள் என் மனைவி செல்லம்மாள்.

உத்தரவில்லாமல் அறுக்கக் கூடாது. திரும்பும்போது ஜீப்பில், அறுக்காமல் கொண்டுவந்த சேவல் என் மடியிலிருந்து முகத்துக்கு நேரே சிலிர்த்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் ஈரம்.

அன்று மாலைச் செய்தியில், பறவைக் காய்ச்சல் (கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வைரஸ் நோய், அரிதாக மனிதருக்கும் தொற்றும்) நாடு விட்டு நாடு பரவுகிறது என்றார்கள். நாடுகளை எண்ணி முடிப்பதற்குள் செல்லம்மாள் சீரியலுக்கு மாற்றிவிட்டாள்.

போடியில் டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. தொண்டையில் சோதனைக்குச் சளி (பஞ்சுக்குச்சியால் தடவி) எடுத்தார். முடிவு வரும்வரை வீட்டிலேயே தனி அறை, முகக்கவசம்.

"சேவல் எப்படியிருக்குங்கய்யா?"

"காய்ச்சல் எனக்குத்தான் டாக்டர்."

"அந்த நோய் வந்த கோழி பெரும்பாலும் வெரசா செத்துரும். அது நல்லா இருந்தா பயம் கொறைவு. யாரும் கிட்டப் போக வேண்டாம்."

அறுக்கக் கொண்டுபோன சேவலின் ஆயுளுக்காகக் கருப்பனையே வேண்டிக்கொண்டேன். மாடி ஜன்னலிலிருந்து அது கம்பு கொத்துவதை எண்ணினேன். மதியம் கண்ணை மூடியது.

"செல்லம்மா! சேவல் சாயுது!"

"தூங்குதுங்க. ஒங்கள மாதிரி எண்ணுற சோலியா அதுக்கு?"

மறுநாள் முடிவு வந்தது: வெறும் ஃப்ளூ (ஊரில் எல்லோருக்கும் வரும் சளிக்காய்ச்சல்). உங்களுக்கு இப்படி நேர்ந்தால் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். என்னைப் போலச் சேவலையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

காய்ச்சல் விட்ட அன்று செல்லம்மாள் ரசம் கொண்டுவந்தாள்.

"ஒங்களுக்குச் சொகமானா கருப்பனுக்குச் சேவல் தர்றேன்னு நேந்திருந்தேன்."

"எந்தச் சேவல்?"

"வீட்ல எத்தன இருக்கு? நீங்கதான எண்ணுற ஆளு."

இப்போது முன்போல விழித்ததும் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. சேவல் கூவும்வரை அசையாமல் படுத்திருக்கிறேன். கூவிய பிறகுதான் கை, கால், மூச்சு ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பி வருகின்றன. ஆயுளில் ஒரு நாளும் கூடுகிறது.

அடுத்த முறையும் சேவலை நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். இறுக்கித்தான் பிடிப்பேன்.