முன்பக்கத்து மூங்கில் கழி

பசுந்தாங்கில் ரஹீமா குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வெயில் வருவது முன்பக்கம் மட்டும்தான். அந்தப் பழைய கட்டடங்களில் பால்கனிக் கம்பியிலிருந்து தெருவை நோக்கி ஒரு மூங்கில் கழி நீட்டியிருக்கும். அதில் காய்ந்ததெல்லாம் அவள் புருஷன் காஜா மைதீனின் கைலிகள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் துணிக்கு விதித்த இடம் பின்சந்து.

காரணம் காஜா மைதீனின் பவுசு. பெண்பிள்ளை இடுப்பில் கட்டும் தமெயினுக்கு அடியில் ஆண்பிள்ளை நடந்தால் அவன் பவுசு இறங்கிவிடும் என்பது இந்த ஊர் பௌத்தர்களின் நம்பிக்கை. ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து கடைப்பிடிக்கிறார்கள், சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே சாக்குச் சொல்லும் இந்த மனுஷருக்கு எங்கிருந்து வந்தது இத்தனை பக்தி? கட்டிக் காத்த பவுசு என்ன கிழித்தது? குடைக்கடை போயிற்று. தன்லியினில் போட்ட ஜவுளிக்கடையும் போயிற்று. இப்போது மச்சினன் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். வீட்டில் அடுப்பு எரிவது ரஹீமாவின் தையல் மிஷினால்.

பின்சந்தில் வெயில் எட்டிப் பார்க்காது. மேல்மாடிக்காரர்கள் வீசும் மீன்செதிலும் வெங்காயத் தோலும் துணிமேல் விழும். மழைக்காலம் முழுக்க அவள் ஈரத்தைத்தான் உடுத்தினாள். இடுப்பில் படை வந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. துணி வெயிலில் காயாவிட்டால் எந்த மருந்தும் வீண் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அதைப் புருஷனிடம் சொன்னபோது, வேறு டாக்டரைப் பார் என்றார் அவர்.

அவர்மேல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் ரஹீமாவுக்கு அன்றைக்குப் போயிற்று. மறுநாள் காலை கைலிகளை உருவிப் போட்டுவிட்டு, தன் தமெயின்களைக் கழியில் கோத்து வெயிலில் நீட்டினாள்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார். வாசலுக்கு நேர் மேலே தமெயின்கள். வீட்டுக்காரியைக் கூப்பிட பால்கனியிலிருந்து மணிக்கயிறு தொங்கும். அதுவும் அவற்றுக்கு அடியில்தான் இருந்தது. தொண்டை கிழியக் கத்தினார். ரஹீமா எட்டிப் பார்த்தாள்.

"அதை எடு ரஹீமா. நான் எப்படி உள்ள வர்றது?"

"காயட்டும்," என்றாள்.

எதிர் டீக்கடையில் தலைகள் திரும்பின. காஜா மைதீன் விறைப்பாகப் பின்சந்துக்கு நடந்தார். துப்புரவு ஆட்கள் ஏறிவர அந்தக் காலத்தில் வைத்த இரும்புப் படி ஒன்று அங்கே உண்டு.

சற்று நேரத்தில் சமையலறைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், தலை முழுக்க ஈரம், தோளில் மீன்செதில், பேயடித்த முகம். கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேரும் காலையில் துவைத்துக் காயப்போட்டதன் அடியில் புகுந்து புகுந்து வந்திருக்கிறார்.

"அங்க பூரா தமெயினாத்தான் தொங்குது," என்றார்.

"இத்தன வருஷமா என்னோடதும் அங்கதான் தொங்குச்சு. ஒரு நாளாவது வந்து பாத்தீங்களா?"

அவர் துண்டு கேட்டுக் கை நீட்டினார்.

"துண்டு முன்னால என் தமெயினோட சேந்து காயுது. வேணும்னா போய் எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, ரஹீமா அவருக்காகக் காத்திராமல் தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.