இருள்வாசல் கேட்டு வந்தவர்கள்

காய்கறிக் கடையில் போய் நின்று, "முப்பது வருஷத்துக்கு முன்னால இங்கன ஒரு கத்தரிக்கா வாங்கினேன், அதே கத்தரிக்கா வேணும்" என்று யாரும் கேட்பதில்லை; பழைய புத்தகக் கடைக்காரியிடம் மட்டும் கேட்கிறார்கள். பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, அட்டை மட்டும் நீலமாக இருந்ததாம். ஏதாவது ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இந்தக் கடையை நான் எடுத்து எட்டு வருஷமாகிறது. அதற்கு முன் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். சித்திரக்கதை படிக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. ஆனால் 'இருள்வாசல்' என்ற தொடரைப் பற்றி மட்டும் யாராவது பரீட்சை வைத்தால் தேறிவிடுவேன். வெளிநாட்டுக் கதை. முப்பது வருஷத்துக்கு முன் யாரோ தமிழில் மாற்றி, பழுப்புத் தாளில் ஒன்பது இதழ் போட்டிருக்கிறார்கள். இல்வா என்று ஒரு வாள்வீராங்கனை ஒரு கோட்டைக்குள் போய்க்கொண்டே இருப்பாள். ஒன்பதாவது இதழின் கடைசிப் பக்கத்தில் பெரிய இரும்புக் கதவில் கை வைத்து நிற்பாள். 'உள்ளே என்ன? அடுத்த இதழில்!' என்று போட்டிருக்கும். அந்த அடுத்த இதழை நான் கண்ணால் பார்த்ததில்லை.

காட்டுக்குள் ஒரு கடை

இருள்வாசலை முதன்முதலில் கேட்டு வந்தவர் அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர், பட்டு வேட்டியோடு கடைக்குள் நுழைந்து, "பச்சைப் பல்லி மேல ஒரு பொம்பளப் பிள்ள உக்காந்திருக்கும், அந்த புக்கு இருக்காம்மா?" என்றார். பல்லி என்றதும் நான் ஜோசியப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் பொறுமையாக மறுத்தார். கடைசியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த புத்தகக் கட்டுக்குள் மூன்றாவது இதழ் அகப்பட்டது. அட்டையில் இருந்தது பல்லி இல்லை, டிராகன்.

அண்ணாச்சி சண்டைப் பக்கங்களை எல்லாம் தள்ளிவிட்டு ஒரே ஒரு படத்தில் விரலை வைத்தார். அடர்ந்த காடு. நடுவில் ஒரு பெட்டிக்கடை. தாடிக்காரர் ஒருவர் சிவப்பு மருந்துக் குப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறார். இல்வா ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறாள். சின்ன வயதில் இதைப் பார்த்ததிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. தானே கடை வைத்த பிறகு அது இன்னும் பெரிதாகிவிட்டதாம். என்னிடம் தொழில்முறையில் அபிப்பிராயம் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுல கடையப் போட்டிருக்கான். ஊருக்கே ஒரு கஸ்டமரு, அதுவும் எப்ப சாவும்னு தெரியாது. இவனுக்கு எப்படிம்மா கட்டுப்படியாவுது?"

பொன்னையா சாரின் நோட்டு

பொன்னையா சார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சனிக்கிழமை தவறாமல் வருவார். இருள்வாசலின் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் மூலையில் மூன்று இதயப் படமும், பக்கத்தில் ஒரு சாவிப் படமும், ஒரு எண்ணும் இருக்கும். இதயம் சில பக்கங்களில் இரண்டாகும், ஒன்றாகும், திடீரென்று மறுபடி மூன்றாகும். இது ஏதோ ரகசியச் சங்கேதம் என்பது சாரின் கட்சி. எல்லாப் பக்கத்து எண்களையும் ஒரு நீள நோட்டில் எழுதி, கூட்டியும் பெருக்கியும் பார்த்திருக்கிறார். கண்டுபிடிக்கிறவர்களுக்குப் பரிசு இருக்கும் என்று நம்பி அந்தக் காலத்திலேயே பதிப்பகத்துக்கு விடை அனுப்பினாராம். பதிலே இல்லை. விடை தப்பு போல என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்.

ஒரு சனிக்கிழமை மேலப்பாளையத்திலிருந்து ஷிஃபா வந்திருந்தாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை, பாடப்புத்தகம் தேடி வருவாள். சாரின் நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு இதழை வாங்கிப் புரட்டினாள். "சார், இது வீடியோ கேமு. டிவில மாட்டி விளையாடுவாங்கள்லா, அந்தப் பழைய கேம்ல இருந்து எடுத்த கதை. இதயம்னா உயிரு. மூணு உயிரும் போனா திரும்ப முதல்ல இருந்து ஆடணும்" என்றாள். காட்டுக்குள் அவன் கடை வைத்ததற்கும் அதுதான் காரணமாம். ஆடுகிறவனுக்கு மருந்து வேண்டுமே. இல்வா செத்துச் செத்து ஏன் எழுந்து வருகிறாள் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. போனில் அந்தக் கேமின் படத்தையும் தேடிக் காட்டினாள். அதே டிராகன், அதே தாடிக்காரர், மூலையில் அதே மூன்று இதயம்.

சார் நோட்டை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை ஷிஃபாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப முப்பது வருஷமா நான் ஸ்கோர் போர்டையாம்மா கூட்டிட்டு இருந்தேன்? சரி, அந்தச் சாவி எதுக்குன்னு சொல்லு."

கிழித்தவர்

கிரேஸ் டீச்சர் வந்தது ஒரு மழை நாளில். பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவர். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, ஒரு துண்டுத்தாளைப் பார்த்து, "இருள்வாசல், அஞ்சாம் நம்பர்" என்றார். பேரப்பிள்ளைகளுக்கா என்று கேட்டேன். இல்லையாம். மஸ்கட்டில் இருக்கிற மகனுக்காம். அவன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பைபிளுக்குள் வைத்து இதைப் படித்திருக்கிறான். செத்தவள் எழுந்து வருகிற படத்தைப் பார்த்ததும் டீச்சருக்கு ஆத்திரம் வந்து, அவன் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துவிட்டார். "அவன் அழல. அதுக்கப்புறம் படிக்கிறதப் பத்தி எங்கிட்ட பேசினதே இல்ல. இப்பவும் போன் பண்ணா மழை பெய்யுதா, மாத்திர சாப்டியான்னுதான் கேக்கான்" என்றார்.

ஐந்தாம் நம்பர் என்னிடம் இல்லை. பொன்னையா சாரிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும், மறுநாளே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். விலை பேசவில்லை. தகவல் சொன்னதும் வந்த டீச்சர் வாங்கிக்கொண்டு கிளம்புவார் என்று பார்த்தால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தார். நடுவில் ஒருவர் இலக்கண நூல் கேட்டு வந்து, வாங்கிப் போயும் விட்டார். டீச்சர் நிமிரவில்லை. கடைசிப் பக்கத்தில் இல்வா பாலத்திலிருந்து கீழே விழுகிறாள். டீச்சர் தாளைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி டெய்சி, இத மொதல்லயே படிச்சிருந்தா கிழிச்சிருக்க மாட்டேன். ஆறாம் நம்பர் வச்சிருக்கியா?"

கதவுக்குப் பின்னால்

புத்தகத்தில் இல்லாத முடிவைக் கேமிலாவது பார்த்துவிடலாம் என்று யோசனை சொன்னவள் ஷிஃபாதான். பழைய கேமைப் போனிலேயே ஆடுகிற வழி இருக்கிறதாம். செமஸ்டர் லீவில் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து ஆடினாள். பொன்னையா சார் பக்கத்தில் உட்கார்ந்து சாவி எண்ணுவார். கிரேஸ் டீச்சர் ஒன்பது இதழையும் முடித்துவிட்டிருந்தார்; "பாலத்துல பைய போ பிள்ள, அங்கதான் விழுந்தா" என்று எச்சரிக்கை செய்வார். நான் வருகிறவர்களுக்கு அகராதி எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஒரு காதை அங்கே வைத்திருப்பேன்.

பதினோராம் நாள் இரும்புக் கதவு வந்தது. ஷிஃபா கட்டைவிரலை அழுத்தினாள். கதவு திறந்தது. திரை கறுத்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி, நன்றாக ஆடினீர்கள் என்று. அதன்பின் யார் யாரோ பெயர்கள் ஓடின. பிறகு பழையபடி காடு, கையில் வாளோடு இல்வா, மூலையில் மூன்று இதயம். டீச்சர்தான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏட்டி, இதுக்கா அந்தப் பிள்ள இத்தன தடவ செத்துது?"

எமதர்மன்

தசரா சமயத்தில் குலசேகரன்பட்டினத்து அம்மன் கோயிலுக்கு மாலை போட்டவர்கள் வேஷம் கட்டிக் காணிக்கை கேட்டு ஊர் ஊராக வருவார்கள். இந்த வருஷம் என் கடை வாசலில் எமதர்மன் வந்து நின்றார். அட்டைக் கிரீடம், பெரிய மீசை, தோளில் பாசக்கயிறு. தட்டில் காணிக்கை போடப் போனேன். அவர் தட்டை நீட்டவே இல்லை. கண் கல்லா மேலிருந்த ஒன்பதாவது இதழில் நின்றுவிட்டது. "இதுல பத்தாவது எங்கிட்ட இருக்குக்கா" என்றார். காணிக்கைக் காசைக் கையிலேயே வைத்துக்கொண்டு பெயரும் வேலையும் விசாரித்தேன். அவர் பெயர் இசக்கிமுத்து, டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மாலை கழற்றியதும் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, மேளக்காரர்கள் பின்னால் போய்விட்டார்.

சொன்னபடி வந்தார். மீசை இல்லாமல் ஒல்லியாக ஒருவர் வந்து நின்றதும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. சாரும் டீச்சரும் ஷிஃபாவும் காலையிலிருந்தே காத்திருந்தார்கள். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து வைத்தது கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. உள்ளே பால்பாயின்ட் பேனாவில் வரைந்த படங்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவரே நோட்டை வாங்கிப் புரட்டினார். முகம் மாறிவிட்டது. பத்து வயதில் கால் முறிந்து கட்டிலில் கிடந்தபோது, அப்பா வாரா வாரம் பஸ் ஸ்டாண்டு கடையில் கேட்டுவிட்டு, "இன்னும் வரலலே" என்று திரும்புவாராம். அப்போது தானே வரைந்து வைத்ததை மறந்து, பரண் பெட்டியில் இந்தப் பைக்குள் பத்திரமாக இருப்பது அச்சடித்த புத்தகம் என்றே இத்தனை வருஷமாக நினைத்து, பிரித்துப் பார்க்காமலே எடுத்து வந்திருக்கிறார்.

ஷிஃபாதான் வாய்விட்டுப் படித்தாள். இல்வா கதவைத் திறக்கிறாள். உள்ளே நீளமான பந்தி. இதற்கு முன் செத்துப்போன இல்வாக்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாலத்தில் விழுந்தவள் தலை ஈரமாக இருக்கிறது, டிராகன் சுட்டவள் முடி கருகியிருக்கிறது. ஓர் இலை மட்டும் காலியாக இருக்கிறது. 'வா, உனக்குத்தான்' என்கிறார்கள். டீச்சர் மஸ்கட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்தார். இசக்கிமுத்துவுக்குத்தான் சங்கடம் தீரவில்லை.

"செத்தவளுவ எல்லாம் எங்க போனாளுவன்னு ஒருத்தனும் எழுதலியேக்கா, அதான் வரைஞ்சிருக்கேன் போல. உங்கள ஏமாத்தணும்னு இல்ல."

ஆகவே, இருள்வாசல் தேடி வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது: ஒன்பது இதழ்களில் கையில் இருப்பதை விலைக்குத் தருவேன், இசக்கிமுத்து கடையிலேயே விட்டுப்போன பத்தாவதை ஸ்டூலில் உட்கார்ந்து இங்கேயே படித்துவிட்டுப் போக வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் தின்ற கையோடு வந்தால் அதுவும் கிடையாது.