இரண்டாவது தட்டு

காட்பாடி ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை, கையில் நீளக் காம்பு வைத்த சுத்தியல். நான் ஏறி உட்கார்ந்திருந்த வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒருமுறை தட்டி, தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்பார்.

என் எட்டு மாதக் குழந்தையைச் சென்னையில் காது டாக்டரிடம் காட்டப் போய்க்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆரணியில் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் ஓயாது. அதனால் திரும்பவில்லையா, காதே கேட்கவில்லையா என்று தெரியவில்லை.

என் ஜன்னலுக்குக் கீழிருந்த சக்கரத்தை மட்டும் அவர் இரண்டு முறை தட்டினார். நான் ஜன்னல் வழியே குனிந்து கேட்டேன்.

"விரிசலாங்க? இறங்கிடட்டுமா?"

"இன்னாத்துக்கும்மா? மணியாட்டம் கேக்குதே!"

"விரிசலே விடாம, சக்கரத்த இன்னும் கெட்டியா செய்யக் கூடாதா?"

"முழுசும் கெட்டியானா கண்ணாடியாட்டம் ஒடஞ்சிடும்மா. பழுக்கக் காய்ச்சி, விளிம்புக்கு மட்டும் தண்ணி அடிப்பாங்க. அது சீக்கிரம் தேயாது. நடுவுல அவ்ளோ கெட்டி வேணாம், அதிர்ச்சி தாங்கணுமில்ல? அப்பறம் லேசா இன்னொரு சூடு காட்டி பதத்துக்குக் கொண்டாருவாங்க."

"அப்போ ஏன் ரெண்டு தட்டு?"

"மொத தட்டுக்கு உங்க பாப்பா சிரிச்சிது. அதான் இன்னொரு தபா."

சத்தத்துக்குச் சிரித்ததா, சுத்தியலைப் பார்த்தா என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் டிபன் பாக்ஸைக் கரண்டியால் தட்டினேன். சட்டென்று திரும்பியது.

சக்கரத்தைச் சோதிக்க அவருக்கு ஒரு தட்டே போதும். நான் இன்னொரு முறையும் தட்டிப் பார்த்தேன்.