குளவி குடித்தனம்

ஒரு சித்திரை மாசம் முழுக்க எங்கள் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. கரண்டு இருந்தது; ஃபேனும் நன்றாகத்தான் இருந்தது. அதன் ஸ்விட்சின் மேல் குளவி ஒன்று மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

திருத்தணியில் மலையடிவாரத் தெரு எங்களுடையது. பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்ததும் எங்கள் மேல்தான் ஊதும். ஆனாலும் சித்தி அந்த ஸ்விட்ச் பக்கம் யாரையும் விடவில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். செம்மண் கூடாக இருப்பதால் பெண்குழந்தைதான் என்று எதிர்வீட்டு அக்கா வேறு அடித்துச் சொல்லிவிட்டாள். சித்தியின் நடையே மாறிப்போனது.

"நாம வெந்துகினு கெடக்கணும், அது ஜம்முனு குடித்தனம் பண்ணணுமா?" என்று சித்தப்பா விசிறியும் கையுமாக அலைவார்.

"ஆங், பண்ணட்டும். உங்களுக்கு இன்னா போச்சு?" என்பாள் சித்தி. அவர் விசிறியை வேகமாக ஆட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

எனக்கு எட்டு வயது. முழுப்பரீட்சை லீவு. ஒரு மத்தியானம் புழுக்கம் தாங்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, சீப்பு முனையால் கூட்டின் ஓரத்தைச் சுரண்டினேன். குளவி அந்த நேரம் பார்த்து வந்தது. சித்தி ஓடிவந்து என்னை இழுத்து முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள். கொட்டு அவள் கழுத்தில் விழுந்தது.

கொட்டினால் சுண்ணாம்பு, எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அம்மா தடவிக்கொண்டிருக்கும்போதே சித்தியின் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்தது. உதடு வீங்கியது. குரல் கம்மி, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. என் நைனா தெருவில் போன ஆட்டோவை மறித்து அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். தொடையில் ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டரம்மா, இன்னும் கொஞ்ச நேரம் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டாள் என்றாராம். சிலர் உடம்புக்கு அந்த விஷம் ஆகாது, மறுபடி கொட்டினால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் கூடு இருக்கவே கூடாது என்றும் நைனாவிடம் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே சித்தப்பா கூட்டைப் பெயர்த்தார். அவ்வளவு நாள் அதைத் திட்டியவர், கீழே தன் வேட்டியை விரித்து, ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, ஒரு துளி மண் சிந்தாமல் மடித்துக் கொல்லைக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தாள். முதலில் அந்த ஸ்விட்சைத்தான் பார்த்தாள். துடைத்து வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் மட்டும் செம்மண் வட்டம். சீப்பு விஷயத்தைச் சொல்லிவிடுவாளோ என்று நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் சொல்லவில்லை.

"போடும்மா ஃபேன. புழுங்குது," என்றாள்.

ஓடிப்போய்ப் போட்டேன். அந்தக் கோடையின் முதல் காற்று. எல்லோரும் அதன் கீழே வந்து உட்கார்ந்தோம். சித்தப்பா மட்டும் எழுந்து போய் வாசல் வெயிலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். உள்ளே இவ்வளவு காற்று வரும்போது இந்த மனுஷன் ஏன் வெயிலில் நிற்கிறார் என்று எனக்கு ஒரே சிரிப்பு.